கன்னமா, சுவாசப்பையா?

தம்பி,

நீ எனக்குச் செய்தது பிழை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றவை பிறகு. உன் மகளின் ஞானஸ்நானத்தன்று, கோயில் மண்டபத்தில் நம்முடைய ஆட்கள் ஐம்பது பேர் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நிற்க, என் கையிலிருந்த பிள்ளையை நீ வாங்கினாய். வாங்கினாய் என்று மரியாதைக்கு எழுதுகிறேன். பறித்தாய். "அப்பா, மணக்குது. தாங்கோ பிள்ளையை" என்றாய். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். நான் வெளியே போய் ஒரு சிகரெட் பத்திவிட்டுத்தான் வந்திருந்தேன். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வாயில் கராம்பு ஒன்றைப் போட்டு மென்று, அது போதும் என்று நினைத்தேன். ஆனால் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற உன் மிலானோச் சிநேகிதனிடம் திரும்பி, இத்தாலியனில், மெல்லிய குரலில் "புத்ஸா" என்றாய். நாறுகிறது என்று. அப்பாவுக்கு விளங்காது என்று நினைத்தாய். இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் படிக்கட்டுத் துடைக்கிறவன் நான். இங்கே நான் கற்ற முதல் பத்துச் சொல்லுக்குள் அது ஒன்று. அதை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. என்னைக் கடந்து படியேறிப் போனவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டு போக, நானாகப் பொறுக்கியெடுத்தேன்.

இதை ஏன் உறையில் போட்டு உனக்கு அனுப்பாமல் நம்முடைய கோயில் பங்கின் நத்தார் ஒளிவிழா மலரில் போடுகிறேன் என்று கேட்பாய். வருடாவருடம் மலர்க்குழு என்னிடம் கவிதை கேட்கும். நானும் மாட்டுத்தொழுவம், வெள்ளி, இடையர் என்று ஏதாவது எழுதிக் கொடுப்பேன். ஒருவரும் வாசிப்பதில்லை. இந்த முறை கவிதை இல்லை, மகனுக்குக் கடிதம் என்றேன். "அண்ணை, அது வீட்டு விசயமெல்லோ, மலரிலை எப்பிடிப் போடுறது?" என்றார் குழுவின் தலைவர். "வீட்டிலை சொல்லுறதெண்டால் வீட்டிலை ஆக்கள் இருக்கோணும். இல்லை. அதாலை மலரிலை போடுங்கோ" என்றேன். மனிதர் தாள்களை வாங்கிக்கொண்டார். ஐம்பது பேருக்கு முன்னால் சொன்ன சொல்லுக்கு ஐம்பது பேருக்கு முன்னால்தான் பதில். இதற்குள் என்னுடைய பிழையும் வரும். அதையும் அவர்கள் வாசிக்கட்டும்.

அன்றைக்கே அம்மாவும் உங்களோடு மிலானோவுக்குப் புறப்பட்டா. நாற்பது நாள் என்று சொல்லித்தான் போனா. இப்போது ஏழு மாதம். நான் குறை சொல்லவில்லை. நீயும் மருமகளும் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைக்கு ஆள் வேண்டும். ஆனால் இந்த அல்பெர்கேரியாப் பகுதி வீட்டின் மூன்றாம் மாடியில் நான் எப்படி இருக்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை, ஆதலால் நானே சொல்கிறேன். கீழே பலாரோச் சந்தையில் மீன்காரன் காலையில் கூவுவான், உனக்கும் தெரியும், "உயிரோடை இருக்கு, உயிரோடை இருக்கு" என்று தன் மீனைப் பற்றிக் கூவுவான். நான் யன்னலில் நின்றுகொண்டு, "இஞ்சையும் ஒண்டு இருக்கு" என்று தமிழில் பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். சில நாட்களில் வேலைக்குப் போகும்வரை நான் கதைத்தது அவ்வளவுதான். ஒரு சிகரெட் முடிய ஐந்தாறு நிமிடம் பிடிக்கும். அந்த ஐந்தாறு நிமிடமும் யாரோ வந்து பக்கத்தில் இருந்துவிட்டுப் போனது போல இருக்கும். பத்தாதவர்களுக்கு இது விளங்காது. நீ பத்தாதவன். அது நல்லது.

ஆனி மாதத்தில் ஒருநாள், கால்சாப் பகுதியில் நான் துடைக்கும் கட்டடத்தின் மூன்றாவது மாடி வளைவில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. நின்றது என்றால், வெளியே போனது உள்ளே வரவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துவிட்டேன். இரண்டாம் மாடி வீட்டுப் பெண்மணி, நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுபவர், கதவைத் திறந்து பார்த்து, "இத்தனை வருடத்தில் நீ இருந்து நான் பார்த்ததில்லை, எழும்பாதே, அப்படியே இரு" என்று தண்ணீர் கொண்டுவந்து தந்தார். பிறகு வைத்தியரிடம் போனேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பேனையின் நுனியால் இரண்டு இடத்தில் தட்டி, "பொல்மோனே, பொல்மோனே" என்றார். சுவாசப்பை. புதுச் சொற்களைக் குறிக்கும் என் கொப்பியில் எழுதிக்கொண்டேன். இன்னும் பெரிய வருத்தமாகவில்லை, ஆனால் சிகரெட்டை விட்டே ஆகவேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவு இருக்கிறதாம், அங்கே ஆளோடு கதைத்துக் கதைத்தே விடப்பண்ணுவார்களாம். கதைத்து விடுவதற்கு எனக்கு மொழி வேண்டும். என் மொழி, அதாவது நீ, மிலானோவில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். மருந்துக்கடையில் சிகரெட் ஆசையைக் குறைக்கும் நிக்கொட்டின் ஒட்டு வாங்கித் தோளில் ஒட்டிக்கொண்டு, அந்த ஒட்டோடேயே பத்தினேன். சிஞ்ஞோராதான், தன் மருமகன் எலெக்ட்ரோனிக் சிகரெட்டைப் பிடித்துச் சிகரெட்டை விட்டதாகச் சொன்னார். நம்முடைய ஆட்கள் கரண்ட் சிகரெட் என்கிறார்களே, அது. சரி, வாங்குவோம் என்று முடிவெடுத்தேன். வைத்தியருக்காக என்று நினைத்துவிடாதே. மூச்சுக்காகவும் இல்லை. நத்தாருக்கு மிலானோவுக்கு வந்து, அந்தச் சொல்லை நீ இரண்டாம் முறை சொல்ல இடம் வைக்காமல் பிள்ளையைத் தூக்க வேண்டும். கோபத்தில் எடுத்த முடிவுதான். நான் என் வாழ்க்கையில் நல்லதாகச் செய்த பலவும் கோபத்தில் செய்தவை.

ரோமா வீதிப் பக்கம் ஒரு சிறிய கடை. உள்ளே நின்றவள் ஐம்பது வயதுப் பெண், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள், குரல் என்னுடையதைவிடக் கரகரப்பு. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்? "பத்து" என்றேன். முப்பது. ஆனால் முன்பின் தெரியாத பெண்ணிடம் முப்பது என்று எப்படிச் சொல்வது? பிறகு, என்ன சுவை? சுவரில் படங்கள் இருந்தன, புகையிலை, புதினா, எலுமிச்சை. மாம்பழத்தின் படத்தைக் கண்டதும் என் விரல் தானாகப் போய்விட்டது. மூன்றாவதாக, "குவாஞ்சா ஓ பொல்மோனே?" என்றாள். குவாஞ்சா எனக்குத் தெரியாத சொல். பொல்மோனே தெரியும், வைத்தியர் பேனையால் தட்டியது. எங்கே வருத்தம் என்று கேட்கிறாள், என் வருத்தத்துக்கு ஏற்ற சாமானை எடுக்கப்போகிறாள், எவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்தேன். நெஞ்சில் இரண்டு தரம் அடித்து, "பொல்மோனே, பொல்மோனே" என்றேன். அவள் புருவத்தை உயர்த்தி, என்னை மேலும் கீழும் பார்த்து, "பிராவோ" என்றாள். ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள். செங்கல்லில் பாதியளவு, வாய் வைக்கும் இடம் என் பெருவிரல் போகும் அகலம்.

முதல் இழுவையை அடுத்த நாள் வேலையிடத்தில், படிக்கட்டு யன்னலோரம் நின்று இழுத்தேன். சிகரெட்டை இழுப்பது போலத்தான் இழுத்தேன். நெஞ்சுக்குள் ஈரத்துணியை அடைத்தது போல இருந்தது, கண்ணால் தண்ணீர் வந்தது, இருமிக்கொண்டே விட்டேன். விட்டது ஒரு முகில். என் கையை எனக்குத் தெரியவில்லை. படிக்கட்டு முழுவதும் மாம்பழம். இரண்டாம் மாடிக் கதவு திறந்து, சிஞ்ஞோரா "நெருப்பு! நெருப்பு!" என்று கத்தினார். நான் புகைக்குள்ளிருந்து, "நான்தான் சிஞ்ஞோரா, நான்தான்" என்று கையை ஆட்டினேன். கபோச் சந்தையில் மரக்கறிக் கடையில் பெட்டி தூக்கும் நம்முடைய சவரி அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தான். ஒரு இழுவை காட்டினேன். "என்ன அண்ணை, கோயில் சுவாமியின்ரை வேலையும் எடுத்தாச்சோ? தூபம் காட்டுறியள்" என்றான். பிறகு, "ஊரிலை நுளம்புக்குப் புகை அடிக்கிற மெசினும் இப்பிடித்தான். ஆனால் அது மாம்பழம் மணக்காது" என்றான். சிரித்தோம். அவன் போன பிறகு உண்மையான சிகரெட் ஒன்றை எடுத்துப் பத்தினேன். அந்தப் பெட்டியால் என் ஆசை அடங்கவில்லை, தம்பி. ஒரு மாதம் இரண்டையும் சேர்த்துச் செய்தேன். மாம்பழ முகிலும் விட்டேன், பின்னால் சிகரெட்டும் பத்தினேன். விடுவதற்கென்று வாங்கிய சாமான் விடாதவனுக்கு இன்னொரு பழக்கமானது.

உன்னைக் கேட்கலாம் என்று ஒருநாள் ரெலிபோன் எடுத்தேன். இந்தச் சாமான்களை இரண்டு நிமிடத்தில் விளங்கிக்கொள்வாய், கடைக்காரியோடு நீயே ரெலிபோனில் கதைத்தும் விடுவாய். அம்மா எடுத்தா. நீ வேலையில். "இஞ்சேருங்கோ, விட்டாச்சோ?" என்றா. "விட்டாச்சு" என்றேன். "உண்மையாவோ?" "ஓம் எண்டுறன், பிறகென்ன?" பின்னால் பிள்ளை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், சொல்லாகவில்லை, சத்தம்தான். அம்மா ரெலிபோனை அவளுடைய வாயருகே பிடித்தா. அவள் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். வைத்த பிறகு பார்த்தால், என் மற்றக் கையில் சிகரெட் எரிந்துகொண்டிருந்தது. அப்போது இன்னொரு பொய் நினைவுக்கு வந்தது. அதை இங்கே எழுதுவதற்குத்தான் மேலே இவ்வளவையும் எழுதினேன்.

உனக்குப் பத்து வயது. நீயும் அம்மாவும் இங்கே வந்து இரண்டு வருடம். மாரி தொடங்கினால் உனக்கு இழுப்புத் தொடங்கும். சத்தத்தைக் கேட்டால் யாரோ நெஞ்சுக்குள் மரம் அரிவது போல இருக்கும். அம்மா என்னிடம் சண்டை பிடித்தா, "யன்னலுக்கு வெளியிலை பத்துங்கோ" என்று. நானும் யன்னலில்தான் பத்தினேன். கையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பேன். கை வெளியில், வாய் உள்ளே. இதை நான் விட்டுக்கொடுத்தல் என்று வேறு நினைத்தேன். ஒரு நாள் உதடு நீலமாகி, உன்னைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முகமூடி வைத்து மூச்சு வந்த பிறகு, வைத்தியப்பெண் ஒருத்தி உன் கட்டிலருகே வந்து கேள்விகள் கேட்டாள். அந்தக் காலத்தில் எனக்கு எல்லாவற்றையும் மொழிபெயர்த்தவன் நீ. இங்கே இருக்கும் அனுமதிக்கு, பெர்மெஸ்ஸோவுக்கு, நாம் பொலிஸ் குவெஸ்தூரா வரிசையில் நின்றால், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவனோடு கதைப்பது நீ. அன்றைக்கும் நீதான், முகமூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "அப்பா, வீட்டிலை ஆரும் பத்திறவையோ எண்டு கேக்கிறா" என்றாய். "இல்லையெண்டு சொல்லு" என்றேன்.

நீ என் சட்டைப் பையைப் பார்த்தாய். பெட்டி அதற்குள் இருந்தது, மெல்லிய சட்டை, வெளியே தெரியும். பிறகு அவளைப் பார்த்து, "நெஸ்ஸூனோ" என்றாய். ஒருவரும் இல்லை. அவளும் என் பையைப் பார்த்தாள். உன் தலையைத் தடவினாள், முகமூடியைத் திரும்ப உன் முகத்தில் வைத்தாள். பொய் என்னுடையது, ஆனால் அதைச் சொன்ன வாய் உன்னுடையது. மூச்சு எடுக்கப் பாடுபட்ட வாய். பத்து வயதில் உன்னிடம் இருந்த மொழியை நான் அதற்குப் பயன்படுத்தினேன். இதுதான் என் பிழை. இதை நான் உன்னிடம் ஒருநாளும் கதைத்ததில்லை, நீயும் கதைத்ததில்லை. நீ வளர்ந்த பிறகு எந்த அலுவலகத்துக்கும் என்னோடு வரமாட்டேன் என்று நின்றாயே, அதற்குக் காரணம் வெட்கம் என்று அம்மாவிடம் சொன்னேன். படிக்கட்டுத் துடைக்கிற தகப்பன் என்ற வெட்கம் என்றேன். அதுவும் பொய்தான் என்று நினைக்கிறேன்.

என்னிடம் ஒரு அகராதி இருக்கிறது, உனக்குத் தெரியும், நான்காம் மாடிக்காரர் வீடு மாறியபோது குப்பையோடு வைத்துவிட்டுப் போனது. இத்தாலியனிலிருந்து ஆங்கிலத்துக்கு. ஆங்கிலமும் எனக்கு அரைகுறை, ஆதலால் ஒரு சொல்லைப் பிடிக்க இரண்டு ஆறு கடக்க வேண்டும். அதில் குவாஞ்சாவைத் தேடினேன். கன்னம். அவள் என்னிடம் கேட்டது கன்னமா, சுவாசப்பையா என்று. கன்னத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே, ஏன் கேட்டாள்? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பெட்டியையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வாசலில் கண்டதும், "மாம்பழம்!" என்றாள். கொப்பியைத் திறந்து சொல்லைக் காட்டினேன். என்ன இது என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. அதற்காக அவளை எனக்குப் பிடித்தது. ஒரு பேனையைக் கையில் தந்து, இது சிகரெட், பத்திக் காட்டு என்றாள். பத்திக் காட்டினேன். என் இரண்டு கன்னமும் உள்ளே போயின. அவள் தன் இரண்டு விரலால் தன் கன்னங்களைத் தொட்டு, "பார்! குவாஞ்சா!" என்றாள். சிகரெட் பத்துகிறவன் புகையை முதலில் வாய்க்குள், கன்னத்துக்குள் எடுப்பான், பிறகுதான் உள்ளே விடுவான். அப்படி இழுப்பவனுக்குக் காற்று இறுக்கமாக வரும் சின்னச் சாமான் வேண்டும். நேரே சுவாசப்பைக்கு இழுப்பது வேறு ஆட்களுக்கு, முகில் விட்டு விளையாடும் ஆட்களுக்கு. நான் நெஞ்சில் அடித்துக் கேட்டதால் அதைத் தந்தாளாம். இந்த வயதில் துணிச்சல்காரன் என்று நினைத்தாளாம். பிறகு கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, "இப்போது சொல், ஒரு நாளைக்கு எத்தனை?" என்றாள். எல்லோரும் பத்து என்றுதான் சொல்வார்களாம். பத்து என்று சொன்னவனுக்குப் பத்துக்கு உரிய திரவத்தைத்தான் கொடுக்க முடியும், அவனுடைய உடம்பு முப்பதைக் கேட்கும், அவன் திரும்பவும் சிகரெட்டுக்குப் போவான். நான் பொய்க்குத் தயாராகத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பொய் சொல்ல நிறையச் சொல் வேண்டும், தம்பி. முன்னே பின்னே பூசி மெழுக வேண்டும். என்னிடம் இருந்த இத்தாலியன் உண்மைக்கு மட்டும்தான் காணும். மொழிபெயர்க்கவும் பக்கத்தில் ஒருவரும் இல்லை. "முப்பது" என்றேன். "எத்தனை வருடம்?" "நாற்பது." அவள் செங்கல்லை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, விரலளவு மெலிந்த ஒன்றை எடுத்தாள். ஒரே ஒரு பொத்தான். நிக்கொட்டின் பதினெட்டு என்று எழுதிய சின்னத் திரவப் போத்தல், புகையிலைச் சுவை. மாம்பழத்தை மறந்துவிடு என்றாள்.

இதை நீ யாருக்கும் சொல்லவேண்டி வந்தால் இப்படிச் சொல். முதல் தரம் வாங்குகிறவன் பெரியதை வாங்கக்கூடாது. தான் பத்துகிற விதத்துக்குக் கிட்ட நிற்கும் சாமானை வாங்க வேண்டும். கணக்கைக் குறைத்துச் சொல்லக்கூடாது. பற்றறி இறங்கினால் ஆசை ஏறும், ஆதலால் இரவே சார்ஜில் போட வேண்டும். உள்ளே திரவத்தைச் சூடாக்கும் சுருள் கருகினால் வாயில் எரிந்த சட்டியின் ருசி வரும், அப்போது மாற்ற வேண்டும், சகிக்கக்கூடாது. இது நல்ல சாமான் என்று நான் சொல்லவில்லை. சுத்தமான காற்றைவிட நல்லது உலகத்தில் இல்லை. வைத்தியரிடமும் போய்ச் சொன்னேன், முகத்தைச் சுளித்தார், பிறகு, சிகரெட்டை அடியோடு விட்டால் சரி, அதன் பிறகு இதையும் குறைக்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து ஒரு சிகரெட் பத்தவில்லை. முதல் மூன்று நாள் சவரியோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன். "அண்ணை, நீங்கள் பத்திக்கொண்டே இருங்கோ, எனக்குச் சுகம்" என்றான். இன்றைக்கு எழுபத்திரண்டு நாள்.

ஆறாவது கிழமையில்தான் அது நடந்தது. மழை தொடங்கியதால் தடித்த கோட்டு எடுக்க அலுமாரியைத் திறந்தேன். ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு உடுப்பாக எடுத்து மணந்து பார்த்தேன். ஞானஸ்நானத்துக்குப் போட்ட கோட்டு. அதன் கழுத்துப் பட்டியை மூக்கில் வைத்துவிட்டு, கட்டிலில் இருந்துவிட்டேன். நாற்பது வருடமாக எனக்கு இல்லாமல் போயிருந்த மூக்கு திரும்பி வந்து, முதல் வேலையாக உன் பக்கம் சாட்சி சொன்னது. நாறியதுதான். அந்தக் கழுத்துப் பட்டியில்தான் பிள்ளை முகத்தை வைத்திருந்தாள், மூன்று மாதக் குழந்தை, உன் பிள்ளை, இழுப்புக்காரனின் பிள்ளை. நீ சொன்ன சொல் சரியான சொல். சொன்ன மொழிதான் பிழை. தமிழில், என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே விட்டிருப்பேனோ தெரியாது. இல்லை, சண்டை பிடித்திருப்பேன். ஆனாலும் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

உடுப்பு முழுவதையும் மூன்று தரம் தோய்த்து, சந்துக்குக் குறுக்கே கொடி கட்டிக் காயப்போட்டேன். பிறகு சுவர் மணத்தது. பள்ளிக்கூடத்தில் எடுத்த உன் படம் சுவரில் இருந்ததல்லவா, அதைக் கழற்றினேன். சுவர் முழுவதும் தேத்தண்ணி நிறம், உன் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரம். இந்த வீட்டில் என் புகையிலிருந்து தப்பிய இடம் அந்த அளவுதான். சவரியைக் கூப்பிட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருந்து வெள்ளையடித்தோம். இப்போது எல்லா இடமும் வெள்ளை, உன் சதுரம் எது என்று எனக்கே தெரியவில்லை. அந்த வைத்தியப்பெண் இன்றைக்கு வந்து வீட்டில் யாராவது பத்துகிறார்களா என்று கேட்டால், நெஸ்ஸூனோ என்று நானே சொல்லலாம். பத்துகிறவர் ஒருவரும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கவும் ஒருவரும் இல்லை. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் இருக்கிறது.

என் பிழை என் பிழை, உன் பிழை உன் பிழை. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழுவ முடியாது. நான் உன் வாயில் ஒரு பொய்யை வைத்தேன், அதற்கு இந்த மலரை வாசிக்கும் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். நீயும் மன்னிப்புக் கேட்கிறாயா இல்லையா என்பது உன் விஷயம். ஆனால் ஒன்றை வைத்துக்கொள். உன் மகள் நாலு வயதில் உன்னைவிட நல்ல இத்தாலியன் கதைப்பாள், உனக்குத் தெரியாத சொல்லும் அதில் இருக்கும். அவளை உனக்காகப் பொய் சொல்ல விடாதே. உனக்கு விளங்காது என்று அவள் நினைக்கும் மொழியில் அவள் உன்னைப் பற்றி ஒருநாள் ஏதாவது சொல்வாள். அன்றைக்கு என்னை நினைத்துக்கொள்.

இனி, செய்ய வேண்டியவை. நத்தாருக்கு இரண்டு நாள் முன்னால் நான் ரயிலேறுகிறேன். நான் இல்லாத கிழமை கால்சாப் படிக்கட்டைச் சவரி துடைக்க வேண்டும், மூன்றாவது மாடி வளைவில் தண்ணீர் தேங்கும், அதைத் துணியால் ஒற்ற வேண்டும், சிஞ்ஞோராவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அம்மா ரெலிபோன் எடுக்கும்போதெல்லாம் "விட்டாச்சோ" என்று கேட்பதை நிறுத்த வேண்டும். முந்தி நான் ஓம் என்றது பொய், இப்போது உண்மை, இரண்டுக்கும் குரல் ஒன்றுபோல இருக்கிறதே என்று குழம்பக்கூடாது. எப்போது திரும்பி வருவா என்பதையும் அவவே சொல்ல வேண்டும், நீ சொல்லக்கூடாது. போத்தலைப் பிள்ளையின் கை எட்டாத உயரத்தில், பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டியது நான், அது பிள்ளைகளுக்கு நஞ்சு. ஆசை வந்தால் உங்கள் பல்கனிக்குப் போகாமல் கீழே தெருவுக்கு இறங்கிப் போக வேண்டியதும் நான், கையும் வெளியில், வாயும் வெளியில். ஈஸ்டருக்குள் பதினெட்டைப் பன்னிரண்டாக்க வேண்டியதும், பிறகு அதையும் ஒன்றுமில்லாமல் ஆக்க வேண்டியதும் நான். ஸ்டேசனுக்குப் பிள்ளையோடு வர வேண்டியது நீ. எல்லோருக்கும் முன்னால் என் கோட்டுக் கழுத்தில் முகத்தை வைத்து மணந்து பார்க்க வேண்டியதும் நீ. மணத்தால், அந்தச் சொல்லைத் தமிழில், என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதும் நீ. மணக்காவிட்டால் பிள்ளையைத் தர வேண்டியதும் நீ. கையை நீட்டிக்கொண்டு நிற்பது மட்டும் நான்.

அப்பா